மழைக்குக் கழித்த எடை

1982 ஆகஸ்ட் 2, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. கூரையில் இரண்டு இடத்தில் ஒழுகல். சட்டி வைத்தாயிற்று.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல சவரிமுத்து ஐயா எழுதுகிறார். முன்னாள் கணக்கப்பிள்ளை. தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் முப்பது வருஷம் நான் தராசைப் பார்த்து எடை கூவ, அவர் எழுதினார். இப்போதும் அதே வேலைதான், சம்பளம் இல்லாமல்.

கொழும்பு டாக்டரின் கடிதம் வந்தது. மகள் ராசம்மாவுக்கு எடை மிக வேகமாக இறங்குகிறதாம். கடைசி இரண்டு மாதத்தில் பத்து கிலோ. வெள்ளிக்கிழமை வந்து ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும். இதே போக்கென்றால் வயிற்றைத் திரும்பத் திறந்து குடலைப் பழையபடி சேர்க்க வேண்டிவரும்.

ஜனவரியில் செய்த ஆப்பரேஷன். அன்றைக்கு நூற்றுப் பதினெட்டு கிலோ. முழங்கால் தாங்கவில்லை, சர்க்கரை வேறு. தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்க்கும் பிள்ளைக்காம்பராவில் அவளுக்கு வேலை; பிள்ளைகளைத் தூக்க முடியாமல் வேலை போகிற நிலைமை. குடலில் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டு மேல் துண்டையும் கீழ்த் துண்டையும் சேர்த்துத் தைத்தார்கள். தின்பது முழுக்க உடம்பில் ஒட்டாது. பழையபடி சேர்த்தால் உடம்பும் பழையபடி.

ராசம்மா சொன்னாள்: “ஒரு தடவ வெட்டினதே போதும்ப்பா. ரெண்டாந்தடவ வெட்டினா நான் எந்திரிக்க மாட்டேன்.”

ஐயா பேனாவைப் பிடித்துக்கொண்டு, “நீ கண்ண தொடச்சத எழுதவா, விடவா?” என்றார். விடச் சொன்னேன். எழுதிவிட்டார்.

3, செவ்வாய்

மழை. கொண்டுபோக வேண்டியவை: எடைக் கார்டு, மாத்திரைப் போத்தல், சேலை மூன்று, துவாய், பிளாஸ்க், எலுமிச்சை நான்கு.

ராசம்மா மத்தியானம் இரண்டு ரொட்டி கூடுதலாகத் தின்றாள். எடை ஏற்றுகிறாளாம். தின்றது தங்கினால்தானே. சாயங்காலத்துக்குள் ஆறு தடவை கக்கூசு. மழையில் குடை பிடித்துக்கொண்டு ஓட்டம். பக்கத்துக் காம்பரா மாரியாயி, “அந்தக் குடைய அங்கேயே வச்சிட்டு வாடி, போறப்பல்லாம் தூக்கிக்கிட்டுத் திரியற” என்றாள். ராசம்மாவும் சிரித்தாள்.

4, புதன்

கொஞ்சம் வெயில். தேயிலை மேலெல்லாம் ஆவி.

மாதா மாதம் எடை பார்த்துக் கார்டில் எழுதி அனுப்பச் சொல்லியிருந்தார் டாக்டர். தோட்டத்து டிஸ்பென்சரி தராசு அவளைத் தாங்காது. அதனால் ஞாயிற்றுக்கிழமை மடுவம் சும்மா கிடக்கும்போது, மூட்டை நிறுக்கும் பலகைத் தராசில் ஏற்றுவோம். நான் கூவுவேன், ஐயா எழுதுவார்.

இன்றைக்கு ஐயா கார்டை வாசித்தார். மார்ச் நூற்றெட்டு. ஏப்ரல் நூற்றைந்து. மே நூற்றிரண்டு. ஜூன் தொண்ணூற்றாறு. ஜூலை தொண்ணூற்றிரண்டு.

ஜூனைத் திரும்ப வாசிக்கச் சொன்னேன். மழை தொடங்கிய மாதம்.

மடுவத்து வழக்கம் இது. தராசு காட்டுவதை அப்படியே கூவக் கூடாது. கூடைக்கு, சாக்குக்குக் கழிக்க வேண்டும். மழையென்றால் இலையில் நிற்கும் தண்ணீருக்கு இன்னும் கழிக்க வேண்டும். கழித்த எடைதான் வாயில் வரும், கொழுந்து பறித்தவளுக்குக் கூலியும் அதற்குத்தான். யோசித்துச் செய்வதில்லை, கோயில் வாசலில் கால் தானாகச் செருப்பைக் கழற்றுகிற மாதிரி.

ராசம்மா நனைந்த கம்பளியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஏறினாள். நான் கம்பளிக்கும் கழித்தேன், மழைக்கும் கழித்தேன். வெயில் மாதம் மூன்றிலும் சேலைக்கு ஒன்று. ஜூன் தூறலுக்கு ஐந்து. ஜூலை பெருமழைக்கு ஏழு.

“எனக்கும் சொல்லாமயா கழிச்ச?” என்றார் ஐயா.

“ஐயாவுக்கு நான் என்னைக்கு முழு எடைய சொன்னேன்?”

ஐயா கண்ணாடியைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

5, வியாழன்

ராசம்மாவிடம் சொன்னேன். சேலை மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

“அப்ப நான் தொண்ணூத்திரெண்டு இல்லையா?”

“தொண்ணூத்தொம்போது.”

“மாரியாயிக்கிட்டயெல்லாம் சொல்லிட்டேனேப்பா.” பிறகு, “அப்ப வெட்ட மாட்டாங்களா?” என்றாள்.

தெரியாது என்றேன். பொய்யான எடை அனுப்பியதற்கு டாக்டர் கோபித்து இனிப் பார்க்கமாட்டேன் என்றால்? அதை அவளிடம் சொல்லவில்லை.

6, வெள்ளி. கொழும்பு

இதிலிருந்து மூன்று நாளும் திரும்பி வந்து நான் சொல்ல ஐயா எழுதியது. தலவாக்கலையில் ரயில். கொழும்பில் கடும் புழுக்கம். ஆஸ்பத்திரித் தராசு: தொண்ணூற்றெட்டு.

டாக்டர் கார்டையும் தராசையும் மாறி மாறிப் பார்த்தார். நான் சொன்னேன். நர்ஸ் சிங்களத்தில் எடுத்துச் சொன்னார். மாதம், வானிலை, தராசு முள் நின்ற இடம், கழித்தது, கூவியது, ஒன்றுவிடாமல். டாக்டர் சிவப்பு மையில் பக்கத்திலேயே எழுதினார். நூற்றொன்பது, நூற்றாறு, நூற்றுமூன்று, நூற்றொன்று, தொண்ணூற்றொன்பது. சீரான இறக்கம்.

கோபிக்கவில்லை. ஆப்பரேஷன் செய்த பலபேர் கார்டே அனுப்புவதில்லையாம். இருக்கிறார்களா, இல்லையா என்றே அவருக்குத் தெரியாதாம். “இந்தக் கார்டு தப்பா இருந்தாலும் வந்திச்சின்னு டாக்டர் சொல்றாரு” என்றார் நர்ஸ்.

பக்கத்துக் கட்டிலில் ராகலையிலிருந்து வந்த பெண். ராசம்மாவுக்குச் செய்த அதே வாரம் செய்த ஆப்பரேஷன். மெலிந்தது நல்லதுதானே என்று டாக்டரிடம் காட்ட ஒரு தடவையும் வரவில்லை. கண் இரண்டும் மஞ்சள். ஈரல் கெட்டுவிட்டதாம். அவளுக்குத்தான் திங்கட்கிழமை திறக்கப் போகிறார்கள். ராசம்மா அவளுக்குத் தலை சீவிவிட்டாள்.

7, சனி

இரத்தச் சோதனை முடிவு வந்தது. ஈரல் சுகம். வெட்டு இல்லை. மாத்திரையை விடக் கூடாது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை நேரில் வர வேண்டும். ராசம்மா டாக்டர் காலைத் தொடப் போனாள். அவர் விலகிக்கொண்டார்.

8, ஞாயிறு

திரும்பும் ரயில். ஹட்டன் தாண்டியதும் ராசம்மா கேட்டாள்:

“அம்மா பறிச்ச கொழுந்துக்கும் இப்பிடித்தான் கழிச்சீங்களா?”

“எல்லாருக்கும் போலத்தான்.”

“மழை விட்டு, எலை காஞ்ச பிறகும்?”

காலையில் மழையென்றால் அன்று முழுக்க மழைக் கழிவுதான். தோட்டத்தை நடத்தும் துரையின் உத்தரவு என்று சொல்லலாம். துரை தராசுப் பக்கம் வந்ததே இல்லை.

“ஆமா” என்றேன்.

தலவாக்கலையில் இறங்கி பஸ் பிடித்தோம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் பையை அவளே தூக்கிக்கொண்டாள். எங்கள் லயத்து வீட்டுக்கு ஏறும் பாதையில் எனக்கு முன்னால் போனாள். ஓர் இடத்திலும் நிற்கவில்லை. நான்தான் இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன்.