வலைக்கு அந்தப் பக்கம்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நாம் இரண்டு பேரும் இதுவரை ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. உங்களை எப்படி அழைப்பது என்றே கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உங்கள் மகள் மைனா என்னைச் சித்தி என்கிறாள். அப்படியானால் நீங்கள் எனக்கு அக்காதானே. பிடிக்காவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வீட்டிலிருந்து கடிதம் என்றதும் பதறியிருப்பீர்கள். பதற ஒன்றுமில்லை. மைனா உடம்புக்கு நன்றாக இருக்கிறாள். முன்பல் ஒன்று விழுந்து, புதுப் பல் எட்டிப் பார்க்கிறது. நீங்கள் கொடுத்தனுப்பிய நீலக் கவுன் முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது, மடிப்பைப் பிரித்துத் தைத்துக் கொடுத்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து பேன் பிடித்துக்கொண்டு வந்தாள். இத்தனை ஆட்டுக்கு உண்ணி எடுக்கிறவளுக்கு ஒரு தலை என்ன பெரிய வேலையா, இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் சுத்தம் செய்துவிட்டேன். முடியை வெட்டவில்லை. உங்களுக்கு அந்த முடி பிடிக்கும் என்று மைனாவின் அப்பா சொன்னார்.

எழுத வந்தது இதற்கில்லை. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாததால் ஆட்டுக் கொட்டிலில் இருந்தே ஆரம்பிக்கிறேன்.

குட்டிகளுக்குப் பால் மறக்கடிக்கும் சமயம் வந்தால் வழக்கமாக என்ன செய்வோம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும், நீங்களும் இங்கே இருந்தவர்தானே. ஒரே நாளில் பிரித்து, தாயை இந்தக் கோடியிலும் குட்டியை அந்தக் கோடியிலும் அடைத்துவிடுவோம். தொண்டை கட்டும்வரை கத்தும். தீவனத்தை முகர்ந்துகூடப் பார்க்காது. கழிச்சல் வரும், ஒன்றிரண்டு போயும்விடும். இந்த முறை புதிதாக வந்திருக்கும் கால்நடை டாக்டரம்மா, நடுவில் ஒரு கம்பி வலையை மட்டும் கட்டச் சொன்னார். இந்தப் பக்கம் குட்டிகள், அந்தப் பக்கம் தாய்கள். மடிக்கு வாய் எட்டாது. ஆனால் பார்க்கலாம், மூக்கோடு மூக்கு வைக்கலாம். பால் நிற்பதும் தாய் காணாமல் போவதும் ஒரே நாளில் நடக்க வேண்டாம் என்பதுதான் விஷயம் என்றார்.

மைனாவின் அப்பாவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. “இத்தனை வருஷம் வலை கட்டியா வளர்த்தோம்”னு ஒரு பாட்டம் பாடிவிட்டு, மறுநாள் அவரே போய் வலை வாங்கிவந்து கட்டினார். கத்தல் இருந்தது, ஆனால் பழைய மாதிரி இல்லை. சாயங்காலமானால் தாய்கள் வலையை ஒட்டிப் படுத்து அசைபோடும். குட்டிகள் இந்தப் பக்கம் அதே முதுகுச் சூட்டில் சாய்ந்துகொள்ளும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மைனா அங்கேதான் உட்கார்ந்திருப்பாள்.

அதில் ஒரு குட்டிக்கு மட்டும் வலைக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. காதில் வெள்ளை விழுந்த பெட்டைக் குட்டி. அதன் தாய்க்கு மடிநோய் வந்ததால் வீட்டுக்குப் பின்னால் தனியாகக் கட்டியிருந்தோம். முதலில் எல்லாவற்றையும்விட அதுதான் அதிகமாகக் கத்தியது. பிறகு நிறுத்திவிட்டது. மூலையில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டது. எந்தத் தொந்தரவும் இல்லை. “இதுதான் சமர்த்து, சீக்கிரம் பழகிடுச்சு”ன்னு அவர் சொன்னார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அப்போது மைனா வாய் திறந்தாள். அவள் தானாக ஒரு விஷயம் பேசி நாங்கள் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது. “அது பழகலப்பா. கத்தி என்ன ஆகப்போகுதுன்னு விட்டுடுச்சு”ன்னு சொன்னாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. பென்சில் தேய்ந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

அவர் குட்டியைத் தூக்கித் தராசில் வைத்தார். மற்றவை எல்லாம் எடை ஏறியிருக்க, இது இறங்கியிருந்தது. முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. தீவனத் தொட்டியில் அது வாயே வைக்கவில்லை, பக்கத்துக் குட்டிகள் அதன் பங்கையும் தின்று தீர்த்ததால் எங்களுக்குத் தெரியவில்லை.

அக்கா, இப்போது மைனாவைப் பற்றிச் சொல்கிறேன். நீங்கள் போன் செய்துகொண்டிருந்தவரை, பேசி முடித்ததும் அழுவாள், அன்றைக்குச் சாப்பாடு இறங்காது, மறுநாள் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்பாள். உங்களுக்கும் அங்கே வேலையில் கை ஓடாது என்று அவரிடம் சொன்னீர்களாம். கொஞ்ச நாள் போன் வேண்டாம், பிள்ளை நிலைப்படட்டும் என்று பேசி வைத்துக்கொண்டீர்கள். நல்லதை நினைத்துத்தான் செய்தீர்கள். பிறகு அவர் உங்களுக்கு, “இப்ப அழறதே இல்ல, நல்லா பழகிட்டா”ன்னு சொல்லி அனுப்பினார். அதில் பொய் இல்லை. அவள் அழுவதில்லை. ஆனால் எப்படி இருக்கிறாள் என்றால், விருந்துக்கு வந்த வீட்டில் இருப்பதுபோல இருக்கிறாள். தண்ணீர் குடிக்கட்டுமா என்று கேட்கிறாள். சாப்பிட்ட தட்டை உடனே கழுவிக் கவிழ்க்கிறாள். எது சொன்னாலும் சரி என்கிறாள். பக்கத்து வீட்டுக்காரம்மா “தங்கமான பொண்ணு, கொடுத்து வச்சவ நீ”ன்னு என்னிடம் சொல்கிறார். ஓயாமல் பேசுகிறாள் என்றுதானே நீங்கள் மைனா என்று செல்லப்பேர் வைத்தீர்கள்?

டாக்டரம்மாவிடம் கேட்டோம். மடி ஆறிவிட்டது, வலை இருக்கிறது, பால் குடிக்கப்போவதில்லை, தாயைக் கொண்டுவந்து விடுங்கள் என்றார். மைனாவின் அப்பாவே அதை ஓட்டிக்கொண்டு வந்தார். குட்டி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தாயாடு தொண்டைக்குள்ளேயே ஒரு முனகல் முனகியது, குட்டி போட்ட அன்று முனகுமே, அந்தச் சத்தம். அவ்வளவுதான். குட்டி எழுந்து ஓடிவந்து வலையில் முட்டியது. பிறகு கத்தியது பாருங்கள், அப்படியொரு கத்தல். பகல் முழுக்கக் கத்தியது. “சும்மா கிடந்ததைக் கிளப்பிவிட்டாச்சு”ன்னு அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கும் பயம்தான். மைனா மட்டும் அசையவில்லை. சாப்பிடக் கூப்பிட்டேன், “இது சாப்பிடட்டும் சித்தி”ன்னு சொல்லிவிட்டாள்.

பொழுது சாயும்போது கத்தல் அடங்கியது. தாய் வலையோரம் படுத்தது. மைனா தீவனத்தைக் கையில் அள்ளித் தாயின் பக்கத்திலேயே குட்டிக்கு நீட்டினாள். குட்டி ஒரு வாய் எடுத்தது, தாயைப் பார்த்தது, இன்னொரு வாய் எடுத்தது. இப்போது நன்றாகத் தின்கிறது. குறும்பும் வந்துவிட்டது, நேற்று அவர் சட்டைப் பொத்தானைக் கடித்துப் பிடுங்கியது.

அன்றைக்கு மைனா சாப்பிட்ட தட்டை அப்படியே போட்டுவிட்டுப் போய்ப் படுத்தாள். கொஞ்ச நேரத்தில் அழுகைச் சத்தம் கேட்டது. தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டு, “அம்மா என்னைக் கூப்பிடவே மாட்டாங்களா”ன்னு கேட்டாள். நான் தடவிக்கொடுக்கப் போனேன், கையைத் தள்ளிவிட்டாள். உண்மையைச் சொன்னால், அவள் என்னிடம் கோபப்பட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது. அவர் வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வரவில்லை. வெகுநேரம் கழித்து, “நீயே எழுதிடு, எனக்கு எழுத வராது”ன்னு மட்டும் சொன்னார். அவருக்கு எழுத வரும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பிள்ளையும் ஆட்டுக்குட்டியும் ஒன்றா என்று நீங்கள் கேட்கலாம். ஒன்றில்லை. குட்டி இன்னும் கொஞ்ச நாளில் தாயை மறந்து மேயப் போய்விடும். இவள் மறக்கமாட்டாள், மறக்கவும் வேண்டாம். உங்கள் இடத்தைப் பிடிக்க நான் இங்கே இல்லை அக்கா. சோறு போடுவேன், தலை வாருவேன், காய்ச்சல் வந்தால் பக்கத்தில் இருப்பேன். மற்றதற்கு நீங்கள்தான் வேண்டும். அங்கே நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று நான் கேட்கவே இல்லை பாருங்கள். அன்றைக்குக் கொட்டிலில் தாயாடும் ஒரு வாய் தீனி தின்னவில்லை, அதையும் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் சந்தைக்குப் போவார். போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவதாகச் சொல்லியிருக்கிறார். கூப்பிடுங்கள். எடுத்ததும் அவள் பேசாமல் இருக்கலாம். நீங்கள் பேசுங்கள், அங்கே மழையா வெயிலா என்று எதையாவது சொல்லுங்கள், குரல் கேட்டால் போதும். பிறகு நிச்சயம் அழுவாள், முன்பைவிட அதிகமாக அழுவாள். அன்றைக்குச் சாப்பிடாவிட்டால் பொழுது சாயும்வரை நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம். உங்களிடம் கேட்பது ஒன்றுதான் அக்கா. அவள் அழுகிறாள் என்று போனை வைத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் சித்தி