ஏழு தடவை தொண்ணூற்று நான்கு

என் யோகாண்ணனுக்கு,

போன வாரம் உன் ஸ்டோருக்குப் போயிருந்தேன். ஊருக்கெல்லாம் அது தேயிலைத் தொழிற்சாலை, நமக்கு எப்போதும் ஸ்டோர்தான். வாசலில் இருந்த காவலாளி என் பையைக் கிளறிப் பார்த்துவிட்டு, கைப்பேசியை வாங்கி மேசையில் வைத்துக்கொண்டார். "உள்ளுக்கு போன் கொண்டு போகக் கூடாதுங்க மிஸ்" என்றார். அந்தச் சட்டம் மட்டும் இன்னும் மாறவில்லை.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. கோபித்துக்கொள்ளாதே.

நீ ட்ரையரில் நின்றாய். ஈரத் தூள் சூட்டுக் காற்றில் காய்ந்து தேயிலையாகிற இயந்திரம் அது. அதன் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். உள்ளே எவ்வளவு சூடு என்று அது காட்டும், அதற்கேற்ப அடுப்பைக் கூட்டும், குறைக்கும். அரை மணிக்கு ஒரு தரம் அதைப் பார்த்து ரெஜிஸ்டரில் எழுதுவது உன் வேலை. ஒரு நாள் காலை ஷிப்டில் ஒரு தொகுதித் தூள் முழுக்கக் கருகிப் போனது. ரெஜிஸ்டரைத் திறந்தால் அதுவரை எழுதியிருந்த ஏழு வரிசையிலும் தொண்ணூற்று நான்கு, தொண்ணூற்று நான்கு.

நம் ஸ்டோரில் பாதிப் பேர் அரை மணிக்கு ஒரு தரம் எழுதுவதே இல்லை என்பது ஸ்டோரை நடத்தும் டீமேக்கர் ஐயாவுக்கும் தெரியும். ஷிப்ட் முடிகிற நேரத்தில் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதிவிடுவார்கள். அதிலும் விவரமானவர்கள் தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றேழு, தொண்ணூற்றாறு என்று கொஞ்சம் ஏற்றி இறக்கி எழுதுவார்கள். நீ ஏழு தடவையும் ஒரே எண்ணை எழுதியிருந்தாய். பொய் எழுதக்கூடச் சோம்பல்பட்டவன் என்று உன்னை முடிவு கட்டினார்கள். மறுநாளே ட்ரையரிலிருந்து எடுத்து, தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்ட மலைக்கு அனுப்பினார்கள்.

அப்போது நான் கொழும்பில் கணினி படித்துக்கொண்டிருந்தேன். தீபாவளிக்கு வந்தபோது நீ நடந்ததைச் சொன்னாய், பெட்டி காட்டியதைத்தான் எழுதினேன் என்றாய். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

"பெட்டி எப்படிண்ணே பொய் சொல்லும்? அதுக்கு என்ன பகையா? நெசமாச் சொல்லு, பாத்தியா, பாக்கலியா?"

"பாத்தேன்" என்றாய். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாய். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நீ எடுக்கவே இல்லை. எடுக்காததையும் நான் உன் குற்ற உணர்ச்சி என்றுதான் நினைத்தேன். எவ்வளவு கேவலமான புத்தி பார்.

நெஞ்சுவலி வந்து நீ போன பிறகு, உன் கைப்பேசியிலிருந்த படங்களை எடுத்துத் தரச் சொன்னாள் அம்மா. கோயில் திருவிழா, அம்மா, நான், நம் லயத்து வரிசை வீடுகளில் திரிந்த நாய். நடுவில் ஒரு ரெஜிஸ்டர் பக்கம். அதே நாள், அதே பக்கம். ஆனால் அதில் நான்கு வரிசைதான் எழுதியிருந்தது, மீதி மூன்றும் காலி. படத்தின் நேரம் காலை பத்தேகால்.

ஷிப்ட் முடிய இன்னும் நேரம் இருந்தது, அண்ணே. ஒரே மூச்சில் எழுதியிருந்தால் நான்கில் நிற்குமா? ஒரே எண் திரும்பத் திரும்ப வந்ததில் உனக்கே அப்போது சந்தேகம் வந்திருக்கிறது, இல்லையா? போன் கொண்டு போகக் கூடாத இடத்தில் எடுத்த படம். ஐயாவிடம் காட்டியிருந்தால் அது இரண்டாவது குற்றம் ஆகியிருக்கும். சரி, அவருக்குக் காட்டவில்லை. எனக்கு ஏன் காட்டவில்லை? நான் கேட்ட தொனியிலா?

அந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கு எதன் மேலும் நம்பிக்கை இல்லை. "மாத்திர போட்டாச்சு" என்று அம்மா சொன்னால் அட்டையை எண்ணிப் பார்க்கிறேன். "பஸ் இப்ப வந்துரும்" என்று யாராவது சொன்னால் நடக்க ஆரம்பித்துவிடுகிறேன். உன்னையே சந்தேகப்பட்டவள், மற்றவர்களை நம்பி என்ன கிழிக்கப் போகிறேன்?

இப்போது நான் வேலை பார்ப்பது, இப்படிப்பட்ட பெட்டிகளுக்குள் ஓடும் மென்பொருளைப் பராமரிக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில். சொன்னால் சிரிப்பாய். சேர்ந்த முதல் வாரமே உன் ட்ரையர்ப் பெட்டியின் நிரலைத் தேடி எடுத்தேன். வேறு யாரோ எழுதிவிட்டுப் போனது. திரையில் எண்ணைக் காட்டும் பகுதியில் தவறே இல்லை. தவறே இல்லாதது எனக்குப் பிடிக்கவில்லை, கீழே இறங்கிக்கொண்டே போனேன்.

அடியில் ஒரு சின்னப் பகுதி, சூடு அளக்கும் கம்பியைக் கேட்கிறது. கம்பி கழன்றிருந்தால் "பதில் இல்லை" என்று ஒழுங்காகத்தான் மேலே சொல்கிறது. அதைக் கேட்க வேண்டிய நடுப் பகுதி கேட்கவே இல்லை. கையில் கிடந்த பழைய எண்ணை அப்படியே மேலே தள்ளிவிடுகிறது. கடைசியாக வந்தது தொண்ணூற்று நான்கு என்றால், நாள் முழுக்கத் தொண்ணூற்று நான்குதான். வேண்டியது தொண்ணூற்றாறு என்பதால், சூடு போதவில்லை என்று அடுப்பை மேலும் மேலும் கூட்டியிருக்கிறது.

இதை நான் எங்கே பார்த்திருக்கிறேன் என்று யோசித்தேன். மலையில் மண் சரிந்தது என்று ஆள் வந்து கங்காணியிடம் சொல்வான். கங்காணி, காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் போய் நிற்பார், "எல்லாஞ் சரிங்க தொரே" என்பார். திட்டு வாங்க யாருக்குத்தான் ஆசை?

அப்போதும் நான் என்னை நம்பவில்லை. அண்ணன் செத்துப்போனதால் பெட்டியின் மேல் பழி போடத் துடிக்கிறேனோ என்று பயமாக இருந்தது. மேசையில் ஒரு பழைய பெட்டியை ஓடவிட்டு, நானே கம்பியைப் பிடுங்கினேன். எண் அசையவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விட்டு வந்தேன், அப்போதும் அசையவில்லை. மேசை மேல் தலையைக் கவிழ்த்து அழுதேன். பக்கத்து மேசை நிஷாந்த தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவரிடம் உன் கதையைச் சொன்னேன்.

அந்த நிஷாந்தவோடுதான் பிறகு சண்டை. திரையில் பிழையைக் காட்டினால் வாங்கியவர்கள் பயந்துவிடுவார்கள் என்றார். காட்டத்தான் வேண்டுமென்றால் "E-17" என்று காட்டலாம், விளக்கம் கையேட்டில் இருக்கிறதே என்றார். கையேடு ஆபீஸ் அலுமாரிக்குள் இருக்கும், சாவி டீமேக்கர் இடுப்பில் இருக்கும், ட்ரையரில் நிற்கிறவன் யாரிடம் போய்க் கேட்பான் என்றேன். ஒரு மாதம் இழுத்தது. கடைசியில், "உங்கள் அண்ணன் படித்தால் புரிகிற மாதிரி எழுதுங்கள்" என்று அவரே சொன்னார். அதற்குள் ஏதாவது சூது இருக்கிறதா என்று இரண்டு நாள் யோசித்தேன். இல்லை, நல்ல மனிதர்தான்.

இப்போது ஒவ்வொரு பகுதியும் கீழே இருந்து வரும் தவறைக் கேட்டே ஆக வேண்டும், கேட்டதை அப்படியே மேலே சொல்லியாக வேண்டும். கம்பி கழன்றது வேறு, கம்பி உளறுவது வேறு, பெட்டியே பழுதானது வேறு. மூன்றுக்கும் மூன்று வாசகம். திரையில் தமிழ் எழுத்தே கிடையாது, புள்ளி புள்ளியாக நானே வரைந்தேன். எண் இருக்க வேண்டிய இடத்தில் கோடு. கீழே, "சூட்டுக் கம்பி பதில் இல்லை. கடைசி 94, நேரம் 8.40." பழைய எண் பழையது என்ற பெயரோடுதான் வரும்.

போன வாரம் அதைப் பொருத்தத்தான் போனேன். அதே டீமேக்கர் ஐயா, தலை நரைத்துவிட்டது. நான் யார் என்று சொல்லவில்லை. முதலில் பழைய பெட்டி ஓடும்போதே கம்பியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். அவர் கம்பியைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். தொண்ணூற்றைந்து. கொஞ்ச நேரம் கழித்தும் தொண்ணூற்றைந்து.

"இது எத்தன வருசமா இப்படி?"

"வாங்கின நாள்லேருந்துங்க ஐயா."

அவர் கம்பியைக் கீழே வைக்கவில்லை. "இங்க யோகராஜ்னு ஒருத்தன் இருந்தான்" என்றார். "தெரியுங்க. என் அண்ணன்" என்றேன். தேநீர் கொண்டுவரச் சொன்னார். வருத்தமா, வெட்கமா, தலைமை ஆபீசுக்குத் தெரிந்துவிடும் என்ற பயமா? எனக்குத் தெரியவில்லை, அவருக்குச் சாதகமாக நினைக்கவும் மனம் வரவில்லை. தேநீரைக் குடிக்காமல் புதிய பெட்டியை மாட்டினேன்.

இப்போது உன் இடத்தில் நிற்பது மேல் லயத்துச் சிவா. புதிய பெட்டியிலும் கம்பியைக் கழற்றிக் காட்டினேன். கோடு விழுந்தது, வாசகம் வந்தது. சிவா பேனாவைத் திறந்துகொண்டு ரெஜிஸ்டர் முன்னால் நின்றான்.

"ஐயா, பெட்டி தெரியலங்குது. நான் என்னாங்க எழுதுறது?"

டீமேக்கர் ஐயாவைத் திரும்பிப் பார்த்தான்.

"தெரியலன்னே எழுதட்டுங்களா? எழுதினா மலைக்கு அனுப்பிர மாட்டீங்களே?" சிரித்துக்கொண்டேதான் கேட்டான். கை மட்டும் காகிதத்தில் படவில்லை.

டீமேக்கர் ஐயா, "எழுது" என்றார். "தெரியலன்னு எழுது. நேரத்தயும் போடு." பக்கத்தில் தன் கையெழுத்தையும் போட்டார்.

நான் நின்றதால் சொன்னாரா, இனி எப்போதும் அதுதானா? நம்பிவிடலாமா, அண்ணே? நான் நம்பவில்லை. பெட்டிகளைப் பார்க்க மூன்று மாதத்துக்கு ஒரு முறை நான் அங்கே போக வேண்டும். போகும்போதெல்லாம் ரெஜிஸ்டரையும் வாங்கிப் புரட்டுவேன். அதில் ஏதாவது இடித்தால் முதலில் கம்பியைப் பார்ப்பேன், பிறகு பெட்டியைப் பார்ப்பேன், பிறகு நான் எழுதிய நிரலைப் பார்ப்பேன். அத்தனையும் சுத்தம் என்று தெரிந்த பிறகுதான் அங்கே நிற்கிற மனிதனிடம், "பார்த்தீங்களா?" என்று கேட்பேன். இது சத்தியம்.

உன்னிடம் மட்டும் அதை முதல் கேள்வியாகக் கேட்டுவிட்டேன்.

உன்னை நம்பத் தாமதித்த தங்கச்சி,
பவானி