ஓடாத ஒரு ரன்

ஆடி, முதல் ஞாயிறு. இரவு.

ஒரு ரன்னில் தோற்றோம். அந்த ஒரு ரன்னை வேண்டாமென்றவன் நான்.

குற்றாலம் சாலை மைதானத்தில் சாரலுக்குப் பிட்ச் மேல் போட்ட விரிப்பு நனைந்து, பந்து முகத்துக்கு எழும்பியது. இரண்டு அணியிலும் ஒரு ஹெல்மெட் கிடையாது. வீசியவன் சிவகிரிக்காரன், ராணுவத்திலிருந்து லீவில் வந்தவன். எங்களில் ஒருவனுக்கு ஏற்கெனவே தாடையில் தையல் போட வைத்திருந்தான்.

கடைசி இரண்டு பந்தில் இரண்டு ரன் வேண்டும். அடிக்கும் முனையில் என் கூட்டாளி மீரான், எதிர்முனையில் நான். மீரான் தட்டிய பந்து ஆளில்லாத பக்கம் போனது. ஓடினால் கடைசிப் பந்து எனக்கு. கையைக் காட்டி அவனைத் திருப்பி அனுப்பினேன். அந்தக் கடைசிப் பந்து அவன் தோளில் விழுந்தது. மட்டையும் விழுந்தது.

“ஏம்ல ஓடல? அங்கன ஒரு பய இல்லியே!” என்று கேப்டன் அண்ணாச்சி கத்தினார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மீரான் சொன்னான்: “நான்தான் வேண்டாம்னேன் அண்ணாச்சி. கால் பிடிச்சிட்டு.”

நான் குனிந்து கிளவுஸைக் கழற்றினேன்.

திரும்பும்போது பைக்கில் அவன் சொன்னது இவ்வளவுதான்: “எனக்கும் பயம்தாம்ல. ஆனா ஓடித் தொலைச்சிருக்கலாம்லா?”

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிப் பார்த்தேன். உடம்பில் ஒரு கீறல் இல்லை. அது எரிச்சலாக இருந்தது.

இப்போது அண்ணாச்சி அடுத்த ஞாயிறுக்கான பட்டியலை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருக்கிறார். என் பெயர் இருக்கிறது. மீரானுக்குக் கால் சரியாகும்வரை ஓய்வாம்.

‘நான்தான் ஓட மறுத்தேன்’ என்று அடித்தேன். அழித்தேன். ‘சரி அண்ணாச்சி’ என்று அனுப்பினேன்.

அதற்கு மீரான் கட்டைவிரல் போட்டிருக்கிறான்.