கீழ்வேளூருக்கு நீ அனுப்பிய டெம்போ

இன்று காலை குளிர் அறைக் கதவைத் திறந்ததும் சாராய வாடை அடித்தது. ஸ்ட்ராபெர்ரி புளித்தால் அப்படித்தான் மணக்கும். போன வாரம் ஊட்டியிலிருந்து வந்த பெட்டிகளில் ஒன்று பின்வரிசையில் மறைந்து நின்றுவிட்டது. ஒரே ஒரு பெட்டி. எடுத்து எடை போட்டு எழுதிவிட்டுக் கையைக் கழுவினேன். நீ இருந்த காலத்தில் இந்த அறை தினமும் இப்படித்தான் மணக்கும். வாடிக்கையாளர் மூக்குக்கு எட்டாமலிருக்க வாசலில் சந்தன ஊதுவத்தி கொளுத்தி வைப்பாய்.

அடுத்த மாதம் உனக்கு முதலாண்டு நினைவு நாள். உன் மனைவி நினைவு மலர் அச்சடிக்கிறார். "அண்ணே, அவரோட ரொம்ப வருஷம் பழகினது நீங்கதான். மனசுல இருக்கிறத ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க" என்றார்.

"மனசுல இருக்கிறதையாங்க?"

"ஆமாண்ணே. உள்ளது உள்ளபடி."

இரண்டு முறை கேட்டுக்கொண்டேன். இரண்டு முறையும் அப்படியே சொன்னார். அதனால்தான் எழுதுகிறேன்.

உன்னை 'நீ' என்றே எழுதப் போகிறேன். கல்லூரி விடுதியில் நான்கு வருடம் ஒரே அறையில் வாடா போடா என்றுதான் இருந்தோம். சென்னையில் பெரிய கடைத்தொடர் ஒன்றில் சரக்குப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த என்னை, "தஞ்சாவூர்ல யாரும் பாக்காத மாதிரி ஒரு கடை போட்டிருக்கேன், வந்து நிமித்திக் குடுடா" என்று நீதான் அழைத்தாய். வந்து சேர்ந்த முதல் நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கடையில மட்டும் சார்னு கூப்பிடுறியா? ஸ்டாஃப் பாப்பாங்க" என்றாய். கூப்பிட்டேன். நீயோ எல்லார் முன்னாலும் என்னை 'டா' போட்டாய். அதையும் குறித்து வைத்திருக்கிறேன். நான் எதையும் குறித்து வைக்கிறவன் என்று உனக்குத் தெரியும்.

கடை அழகான கடைதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஒரு பக்கம் கருப்புக் கவுனி, மாப்பிள்ளைச் சம்பா. எதிர்ப்பக்கம் சீஸ், ஆலிவ், பாஸ்தா, பாதாம் பால். டாக்டர் வீடுகளும், வெளிநாட்டிலிருந்து திரும்பிய குடும்பங்களும் கார் போட்டு வந்தார்கள். பின்வாசலில் தினமும் ஆறு தொட்டிக் குப்பை போயிற்று. எல்லாம் முந்தின நாள் வரை உணவாக இருந்தவை.

ஏன் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. உன் அப்பாவுக்குக் கும்பகோணத்தில் பாத்திரக்கடை. தரையிலிருந்து உத்தரம் வரை குடமும் அண்டாவும் அடுக்கியிருந்த கடையில் நீ வளர்ந்தாய். "தட்டு நிறைஞ்சிருக்கணும். வர்றவன் கண்ணுக்குக் காலி தெரியக்கூடாது" என்று உன் அப்பா சொன்னதை நீ தினமும் சொல்வாய். உங்கள் வீட்டில் அரிசி தீர்ந்தால்கூட 'நிறைஞ்சிருக்கு' என்றுதான் சொல்வீர்களாம். கடையிலும் 'இல்லை' என்ற சொல்லை யாரும் சொல்லக்கூடாது என்று சட்டம் போட்டாய். உன் அப்பா அடுக்கியது பித்தளை. பத்து வருடம் கிடந்தாலும் புளி போட்டுத் தேய்த்தால் புதிதாகிவிடும். நீ வெண்ணெய்ப்பழத்தை அப்படி அடுக்கினாய்.

காய்கறிப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த மேரி அக்கா தரங்கம்பாடிக்காரர். யாருக்கும் அஞ்சாமல் பேசுகிறவர். அப்படிப்பட்டவரே அழுகிய பழங்களை ஜெனரேட்டர் அறையில் சாக்குப் போட்டு மறைத்து வைத்திருந்தார். நான் பார்த்துவிட்டேன்.

"என்னக்கா இது?"

"என்ன சார் பண்ணச் சொல்றீங்க? அழுகுறது பழம், ஏச்சு எனக்கு. இந்த வெண்ணெய்ப்பழம் இருக்கே, காலையில கல்லு. மத்தியானம் ஒரு மணி நேரம் வெண்ணெய். சாயங்காலம் சாணி. அந்த ஒரு மணி நேரத்துல எந்த டாக்டரைப் போயி நான் கையைப் புடிச்சு இழுத்துட்டு வர்றது?"

அன்றைக்குத்தான் எனக்கு முழுதும் புரிந்தது. கெட்டதைக் கொண்டுவந்து காட்டியவரை நீ ஏசினாய். அதனால் எல்லாரும் மறைத்தார்கள். மறைத்ததால் என்ன கெட்டது என்று உனக்கே தெரியவில்லை. தெரியாததால் மறுபடி அதையே வாங்கினாய். நீ ஒரு பக்கம் போனில் சரக்குச் சொல்வாய், உன் மனைவி ஒரு பக்கம், பிரிவுக்காரர்கள் ஒரு பக்கம். ஒரே சீஸ் மூன்று முறை வந்து இறங்கும்.

சரக்குச் சொல்வதை ஒரு கைக்குக் கொண்டுவந்தேன். பின்வாசலில் தராசு வைத்து, எந்தப் பிரிவில் என்ன கெட்டது என்று தினமும் நிறுத்து எழுத வைத்தேன். எவ்வளவு கெட்டாலும் யாரும் யாரையும் ஏசக்கூடாது என்றேன். பழைய சரக்கை முன்னுக்கு இழுத்தோம். தட்டில் கூடையைக் கவிழ்த்து அதன் மேல் ஒரு வரிசை பழம் மட்டும் அடுக்கினோம். உன் கண்ணுக்கு நிறைவாகத் தெரிந்தது, அடியில் வெறும் மூங்கில். எஞ்சிய தழையும் தோலும் ஒரு மாட்டுப் பண்ணைக்குப் போயிற்று. நான்கே மாதத்தில் ஆறு தொட்டி மூன்றாயிற்று. அதற்குக் கீழே இறங்க மறுத்தது. காலாவதித் தேதி தாண்டிய பாக்கெட்டுகள்தான் மிச்சத் தொல்லை. அவற்றை வாங்குவதையே நிறுத்தவேண்டும் என்றேன். "அந்த ரேக்கு காலியாயிடுமேடா" என்றாய்.

தை பிறக்கும் வாரத்தில் தொட்டி திடீரென்று ஒன்றாயிற்று. என் திட்டம் கடைசியில் வேலை செய்துவிட்டது என்று நான் மகிழ்ந்தேன். பிரிவுக்காரர்களுக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தேன். மிச்சம் எங்கே போயிற்று என்று கேட்கத் தோன்றவில்லை. குப்பையை எடை போடுகிறவன் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவேண்டும். கேட்காதபடி என்னைச் சந்தோஷத்தில் உட்கார வைத்தாயே, அதற்காகவும் உன்னை விடமாட்டேன்.

கீழ்வேளூர் பக்கத்தில் எங்கள் தெரு. என் அப்பா காலம் வரை பிறத்தியார் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போன தெரு. இப்போது சொந்தமாகக் கொஞ்சம் நிலம், வீட்டுக்கு ஒருவர் படிப்பு. அங்கே பொங்கலன்று உன் டெம்போ போய் நின்றிருக்கிறது. பக்கவாட்டில் பேனர். அதில் என் படம், என் பெயர், 'உங்கள் வீட்டுப் பிள்ளையின் பொங்கல் அன்பளிப்பு' என்ற வாசகம். உள்ளே சீஸ், ரொட்டி, பாதாம் பால், இறைச்சிப் பாக்கெட்டு. தேதி அச்சிட்ட இடத்தை அசிட்டோன் தொட்டுத் துடைத்திருந்தாய். எங்கள் பிள்ளை அனுப்பியது என்று எல்லாரும் சந்தோஷமாகச் சாப்பிட்டார்கள்.

மறுநாள் காலை என் அக்கா செல்வி போன் செய்தது.

"என்னடா அனுப்பி வச்ச? தெருவே வாந்தி எடுக்குது."

"நான் ஒண்ணும் அனுப்பலையேக்கா."

"உம் மூஞ்சிதாண்டா சிரிச்சிட்டு நின்னுச்சு வண்டியில."

அதைச் சொன்ன அக்காவே அன்று மாலை ஆஸ்பத்திரியில் படுத்தது. நான்கு நாள் குளுக்கோஸ் ஏறியது. யாரும் சாகவில்லை. நீ அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாய்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலையேடா. நல்லது செய்யலாம்னுதான் நெனச்சேன். உம் பேருல போனா உனக்கும் மரியாதைதானே? பழக்கமில்லாத வயிறு, ஒத்துக்கல. அவ்வளவுதான்."

பழக்கமில்லாத வயிறு. அந்த இரண்டு சொல்லை நான் உன் சாவுக்குப் பிறகும் மறக்கவில்லை. கெட்டுப்போனது சரக்கு இல்லை, எங்கள் வயிறுதான் கோளாறு என்று சொல்லிவிட்டாய். உன் மகனுக்கு அந்தப் பாக்கெட்டில் ஒன்றைப் பிரித்துக் கொடுப்பாயா என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாய்.

உன்னிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று. எங்கள் தெருவுக்கு வந்து, நான்தான் அனுப்பினேன், இவனுக்குத் தெரியாது என்று ஒரு வார்த்தை சொல். நான் சொன்னால் அங்கே எடுபடவில்லை. படம் என்னுடையது. 'செய்யிறதையும் செஞ்சிட்டு மொதலாளி மேல பழியப் போடுறான் பாரு' என்றார்கள். படித்து மேலே போனவன் தன் தெருவைக் குப்பைத்தொட்டியாக நினைத்துவிட்டான் என்றார்கள்.

"வர்றேன்டா. மாசி போகட்டும்" என்றாய். பிறகு ஆடி கழியட்டும் என்றாய். பிறகு தீபாவளி வியாபாரம்.

வேலையை விட்டுவிட்டுப் போயிருக்கலாமே என்று கேட்பார்கள். போனால் குற்றவாளி ஓடிவிட்டான் என்றாகும். நீ வந்து சொல்லும் வரை உன் எதிர் நாற்காலியை விட்டு எழுவதில்லை என்று முடிவு செய்தேன். தினமும் காலையில் உனக்கு வணக்கம் சொல்லிவிட்டு, "எப்ப சார் கீழ்வேளூர்?" என்று கேட்பேன். ஒன்றரை வருடம் கேட்டேன். ஒருநாள்கூட விடவில்லை. கடைசியில் நான் உள்ளே வந்தாலே நீ போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வாய். போன் அணைந்திருப்பது எனக்குத் தெரியும். அதில் எனக்கு ஓர் இன்பம் இருந்தது.

இதற்கு நடுவில் அக்கா மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் நான். இருபத்தொரு தட்டுச் சீர் எடுத்துக்கொண்டு போனேன். பழங்களை ஒவ்வொன்றாக நானே பொறுக்கினேன். எங்கள் தெருப் பெண்கள் தட்டுகளை வாங்கி வரிசையாக வைத்தார்கள். பட்டுப்புடவைத் தட்டைச் சுற்றிக் கூட்டம். பழத்தட்டை யாரும் தொடவில்லை. ஒரு பெரியம்மா மட்டும் ஆப்பிள் ஒன்றை எடுத்து மோந்து பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தார். அக்கா அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மறுநாள் அந்தத் தட்டுகள் அப்படியே மாட்டுத் தொழுவத்துக்குப் போயின. நல்ல பழங்கள். அந்த ஒரு நாள் மட்டும் நான் எடை போடவில்லை.

பிறகு நீ செத்தாய். வல்லம் தாண்டிக் காரை ஓரங்கட்டிவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டாயாம். செய்தி வந்தபோது நான் அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். 'சொல்லாமலே தப்பிவிட்டான்' என்பதுதான் முதலில் தோன்றியது. உன்னை எடுக்கும்போது எல்லாரும் அழுதார்கள். நான் அழாமல் நின்றதைத் துக்கத்தில் உறைந்துவிட்டேன் என்று எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது கடையை நானும் உன் மனைவியும் பார்க்கிறோம். தேதி தாண்டிய பாக்கெட்டு ஒன்றுகூட அலமாரியில் இல்லை. மாலை ஆறு மணிக்கு ரொட்டித் தட்டு காலி. கேட்கிறவர்களிடம் மேரி அக்கா, "இல்லைங்க, தீந்துடுச்சு. நாளைக்குச் சீக்கிரம் வாங்க" என்கிறார். அதைக் கேட்கும்போதெல்லாம் கல்லாவுக்கு மேலே மாலையோடு இருக்கும் உன் படத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பேன்.

இதுவரை எழுதியதை நேற்று உன் மனைவியிடம் கொடுத்தேன். இனி வருவது இன்று எழுதியது; இதையும் அதோடு சேர்த்து அச்சுக்குக் கொடுக்கிறேன்.

அவர் அலுவலக அறையில் உட்கார்ந்து படித்தார். நான் எதிரில் நின்றேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. படித்து முடித்து, முதல் பக்கத்துக்குப் போய் மறுபடி படித்தார்.

"பேனருக்கு உங்க போட்டோவை என் போன்லேருந்து அனுப்பினது நான்தாண்ணே" என்றார். "கேட்டாரு, குடுத்தேன். எதுக்குன்னு கேக்கல."

தாள்களை அடுக்கி மேசை மேல் வைத்தார்.

"இதப் போட்டா அவரு தங்கச்சிங்க எல்லாம் என்னைக் கிழிச்சிடுவாங்க."

"ஆமாங்க."

"போடலைன்னா நீங்க நாளைக்கும் இங்க வந்து நிப்பீங்க."

"நிப்பேங்க."

 பிறகு போனை எடுத்து அச்சகத்துக்குப் பேசினார். "தம்பி, அந்த மலர்ல நாலு பக்கம் கூடுது. ஒரு எழுத்துகூட மாத்தாதீங்க. நூறு பிரதி சேத்துப் போடுங்க." வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "நூறும் உங்க தெருவுக்கு. நானும் வர்றேண்ணே. அவரு சொல்லாதத நான் சொல்றேன்" என்றார்.

"வேணாங்க" என்றேன். "நீங்க வந்து நின்னா உங்களப் பாத்து எல்லாரும் எரக்கப்படுவாங்க. டீ போட்டுக் குடுத்து, செத்தவரு பாவம் விடுங்கம்மான்னு அவரையும் சேத்து மன்னிச்சிடுவாங்க. எனக்கு அது வேணாம்."

அவர் கண் கலங்கியது. உன் மனைவியை அழவைத்ததற்கு நான் வருந்துகிறேன். உன்னைப் பற்றி எழுதியதற்கு வருந்தவில்லை.

புத்தகம் வந்ததும் வீடு வீடாக நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். அட்டையில் நீ சிரித்துக்கொண்டிருப்பாய். எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களை உட்கார வைத்து நானே வாசித்துக் காட்டுவேன். ஆப்பிளை மோந்து பார்த்த பெரியம்மாவுக்குக் காது மந்தம், அவருக்கு உரக்க வாசிப்பேன். ஒரு வரியும் விடமாட்டேன். கேட்டு முடித்ததும் அவர்கள் உன்னை மன்னிக்கலாம். எங்கள் ஜனங்களுக்கு இளகின மனசு. அது அவர்கள் பாடு. நான் மன்னிக்கவில்லை என்கிற இந்த வரியையும் அவர்கள் முகத்தைப் பார்த்தே வாசித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவேன்.