உன் மகள் கொண்டுவந்த மக்ரெல்

கையெல்லாம் மீன் மணக்கிறது. சவர்க்காரம் போட்டும் போகவில்லை. இருக்கட்டும், அந்த மணத்தோடேயே உனக்கு எழுதுகிறேன்.

நோர்வேயின் மோர்டென்ஸ்ருட்டில் நாங்கள் எதிரெதிர் வீட்டுக்காரிகள். நீ அலாஸ்காவின் கோடியாக் தீவிலிருந்து நோர்வேக்காரனைக் கட்டி வந்தவள், நான் யாழ்ப்பாணத்தாள். ஆளுக்கொரு விதமாகச் சிதைத்த நோர்வேஜிய மொழியில்தான் கதைத்துக்கொண்டோம்.

ஒரு கோடையில் என்னைத் தூண்டில் போடக் கூட்டிப்போனாய். ஐம்பத்திரண்டு வயதில் என் முதல் மீன்! பொரிப்பதா, குழம்பா என்று நான் யோசிக்கிறேன், நீ வாளியைப் பிடுங்கிக்கொண்டாய்.

"முதல் மீனைப் பிடிச்ச ஆள் தின்னக்கூடாது. மூத்த ஆளுக்குக் குடுக்கவேணும். எங்கடை அலூட்டிக் ஆக்களின்ரை வழக்கம்."

"இஞ்சை ஆர் மூத்த ஆள்?"

"நான்தான். உன்னைவிட நாலு மாதம் மூப்பு."

எனக்கு வந்த கோபம்! என்றாலும் குழம்பு வைத்தேன். நீ மூக்கு ஒழுக ஒழுகத் தின்றாய். நான் வாயூறப் பார்த்திருந்தேன். கோப்பையை வழித்துவிட்டு "குயனா" என்று நன்றி சொன்னாய். பிறகு "பிதூர்னிர்துக்" என்றாய். ருசியாயிருக்கிறதாம்.

பள்ளிக்கூடத்தில் அலூட்டிக் பேசியதற்காக அடி வாங்கிய உன் தாய், வீட்டில் உன்னோடு அதைப் பேசவேயில்லை. வளர்ந்தபின் ஒவ்வொரு சொல்லாய் நீயே பொறுக்கி எடுத்தாய். உன் மகளோ காது கொடுக்கவில்லை. "அவளுக்கு ஒண்டும் ஒட்டேல்லை. இஞ்சை என்னோடை முடிஞ்சுபோம்," என்று ஒருநாள் அழுதாய். ஆறுதல் சொல்லத் தெரியாமல் உன் சொற்களை நான் பாடமாக்கினேன். தொண்டையில் முள் சிக்கினவள் மாதிரிச் சொல்கிறேன் என்று சிரித்தாய்.

நீ கண்மூடியபின் இது முதல் கோடை. இன்று காலை உன் மகள் கதவைத் தட்டினாள். நாற்பது வயதுக்காரி, பேப்பரில் சுற்றிய ஒரு மக்ரெலோடு வாசலில் நின்றாள்.

"நான் பிடிச்ச முதல் மீன். இப்ப நீங்கள்தானே மூத்த ஆள்."

குழம்பு வைத்து, அவள் முன்னால் இருந்து நான் மட்டும் தின்றேன். அவள் தொடவில்லை. "குயனா" என்றேன். அவள் எழும்பாமல் என் முகத்தையே பார்த்தாள்.

"பிதூர்னிர்துக் எண்டும் சொல்லவேணும். அம்மா அதையும் சொல்லுவா."

அவள் தொண்டையில் ஒரு முள்ளும் இல்லை. அச்சாய் உன் உச்சரிப்பு. சொன்னேன், அழுதுகொண்டே சொன்னேன். மற்றச் சொற்களும் என்னிடம் பத்திரமாய் இருக்கின்றன. ஆனால் நீ இனி அழவேண்டாம். அவளுக்கு ஒட்டியிருக்கிறதடி.