மெழுகு இன்னும் காயவில்லை

அக்டோபர் 4

மழை. மீன் வாங்கியது, வங்கிக்குப் போனது, இன்றைக்கு அவ்வளவுதான் என்று இருந்தேன். இரண்டு வீடு தள்ளிப் புதிதாகக் குடிவந்திருக்கும் நார்மன் என் வாசலில் வந்து நின்றான். நியூகாசிலில் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். உள்ளே படுத்திருந்த நாய் டெஸ் எழுந்து ஓடியது. வாலை ஆட்டி, அவன் கோட்டுக்குள் மூக்கைப் புதைத்துக்கொண்டு நின்றது.

"அட என் ராசாத்தி! நாய்ங்களுக்கு என்னைக் கண்டாலே ஒரு இதும்மா" என்கிறான்.

என் நாய்! என் சோற்றைத் தின்கிற நாய். பண்ணைக்கார ராப்சன் இறந்த பிறகு, "அதுக்கு உங்களைத்தான் தெரியும்" என்று அவர் மகள் கொண்டுவந்து விட்டாள். தெரியும்தான். நான் தபால் கொண்டுபோன காலமெல்லாம் வேலியருகே நின்று குரைத்த பழக்கம். வந்த நாளிலிருந்து ஒரு தடவையாவது எனக்காக எழுந்திருக்குமா? வயிறு எரிகிறது.

அக்டோபர் 5

கண்டுபிடித்துவிட்டேன். அவன் இல்லை, அந்தக் கோட்டு! மெழுகு பூசிய பழைய மழைக்கோட்டு. இடது பை கிழிந்து, வைக்கோல் கட்டும் ஆரஞ்சுக் கயிற்றால் தைத்திருக்கிறது. ராப்சனுடையது. அந்தத் தையலை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். சந்தைத் தெருவில் பழைய துணி விற்கும் கடையில் எடுத்தானாம். "பழசுன்னாலும் அசல் சரக்கு" என்று பெருமை வேறு. யாருடையது என்று நான் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

அக்டோபர் 9

இன்றும் டெஸ் அவன் பின்னால் பாலம் வரை போனது. கூப்பிட்டேன். காது மட்டும் திரும்பியது.

அக்டோபர் 12

நார்மன் தொப்பலாக நனைந்து வந்தான்.

"கோட்டு தோள்ல, முழங்கையில எல்லாம் ஒழுகுது. மெஷின்ல போட்டு, சோப்புத்தூள் போட்டு ஒரு சுத்து விட்டா சரியாயிடும்ல?"

நகரத்து ஆள்தான் இப்படிக் கேட்பான். சோப்புப் பட்டால் இருக்கிற மெழுகும் போய், கோட்டு வெறும் சல்லடையாகிவிடும். ஆனால் ராப்சனின் வாடையும் போய்விடும். 'போடுங்க' என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது.

"குடுங்க, நானே மெழுகு பூசித் தர்றேன்" என்றேன்.

"நீங்க ரொம்ப நல்லவங்க தெல்மா."

நல்லவளா? துணியையும் கெடுக்காமல், புது மெழுகு வாடையில் ராப்சனை மூடிவிடலாம் என்பது என் கணக்கு.

அக்டோபர் 13

காலையில் குளிர்ந்த தண்ணீரால் துடைத்து, அடுப்புக்கு மேலே காயப் போட்டேன். மதியத்துக்கு மேல் மெழுகு டப்பாவை வெந்நீரில் வைத்தேன். வெண்ணெய் மாதிரி இளகியது. துணியில் தொட்டு அழுத்தி அழுத்தித் தேய்த்தேன். தையல் வழியாகத்தான் தண்ணீர் இறங்கும் என்பதால் தையலுக்கு இரண்டு தடவை. பிறகு தலைமுடி காயவைக்கும் மெஷினால் சூடு காட்டினேன். வெளிறிக் கிடந்த துணி கரும்பச்சையாக ஆனது. நல்ல வேலை, நானே சொல்லிக்கொள்கிறேன்.

கழுத்துப்பட்டைக்கு மட்டும் மெழுகு பூசக்கூடாது. அது வேறு துணி, வரி வரியாக மெத்தென்று இருக்கும். முகர்ந்து பார்த்தேன். புகையிலை, ஆடு, ராப்சன், எல்லாம் அங்கேதான். சோப்பை எடுத்தேன். அதை மட்டும் தேய்த்துவிட்டால் போதும்.

அப்போது டெஸ் வந்து என் பாதங்களின் மேலேயே படுத்தது. அந்தக் கனம்! முதல் தடவை. சோப்பை வைத்துவிட்டேன்.

அக்டோபர் 15

"ஆச்சாம்மா?" என்று வந்து நின்றான் நார்மன்.

"மெழுகு இன்னும் காயலை."

பொய். ஒரு ராத்திரி போதும் அதற்கு. ஆனால் கோட்டு இருக்கும் வரை டெஸ் அதன் அடியில். அதாவது என் சமையலறையில்.

அக்டோபர் 19

"இன்னுமா காயலை? மெழுகு பூசினீங்களா, சிமெண்ட் பூசினீங்களா?"

"இந்த ஊர் ஈரத்துல எப்படிங்க காயும்?"

சிரித்துக்கொண்டே போனான். தூறலில், ஒரு மெல்லிய கம்பளிச் சட்டையோடு. போகட்டும்.

அவன் தலை மறைந்ததும் கோட்டை நானே போட்டுக்கொண்டு கொல்லைப்புறம் போனேன். கைகூட வெளியே தெரியவில்லை, அவ்வளவு பெரிசு. டெஸ் என் முழங்காலை ஒட்டியே நடந்தது. என்ன சந்தோஷம்! பிறகு ஒன்று தோன்றியது — இது யாரோடு நடக்கிறது? என்னோடா? செத்துப்போன மனுஷனைப் பார்த்துப் பொறாமைப்படும் அளவுக்கு வந்துவிட்டேன். வெக்கமா இல்லையா தெல்மா உனக்கு?

அக்டோபர் 23

ஆற்றோரப் பாதையில் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். சரியான மழை. ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. பாலத்துக்குப் பக்கத்தில் எதிரே நார்மன். தலைக்கு மேல் செய்தித்தாள், உடம்பெல்லாம் ஈரம். திரும்பி ஓடவும் முடியாது.

ஆனால் டெஸ் ஓடியது. கோட்டை விட்டுவிட்டு, கோட்டுக்குள் இருந்த என்னை விட்டுவிட்டு, அவனிடம்.

"வாடி ராசாத்தி. நனைஞ்சிட்டியா? நானும்தான். பஸ்ஸு இன்னிக்கும் லேட்டு பாத்துக்க." அதன் காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டே பேசினான். பிறகுதான் என்னைப் பார்த்தான்.

"காஞ்சிடுச்சு போலிருக்கே."

மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது? எல்லாவற்றையும் கொட்டினேன். "இது ராப்சன் கோட்டு. அதுக்காகத்தான் டெஸ் உங்ககிட்ட வருதுன்னு நெனச்சேன்."

டெஸ்ஸின் முதுகிலிருந்த தண்ணீரைக் கையால் வழித்துவிட்டான். "மொதல்ல அதுக்குத்தான் வந்திருப்பா."

"அப்புறம்?"

"அப்புறம் நாங்க பேசிக்கிட்டோம்."

அங்கேயே கழற்றிக் கொடுத்துவிட்டேன். போட்டுக்கொண்டு, "நல்லா செஞ்சிருக்கீங்கம்மா" என்றான். திட்டியிருக்கலாம்.

நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தேன். 'உட்காரு', 'தின்னு', 'வெளியே போ' — இவ்வளவு மாதத்தில் இவை தவிர வேறு என்ன சொல்லியிருக்கிறேன் அதனிடம்?

அக்டோபர் 26

டெஸ்ஸையும் அதன் கிண்ணத்தையும் படுக்கைத் துணியையும் நானே கொண்டுபோய் அவன் வீட்டில் கொடுத்தேன். "நிஜமாவா?" என்றான். சீக்கிரம் வாங்கிக்கொள்ளுங்கள், மனசு மாறிவிடும் என்றேன்.

நவம்பர் 2

தினமும் காலையில் இரண்டு பேரும் என் ஜன்னலைத் தாண்டிப் போகிறார்கள். தினமும் வயிறு எரிகிறது. அது ஒன்றும் குறையவில்லை.

இன்று கதவைத் திறந்து, "டெஸ், ராத்திரி குளிரா இருந்துச்சா?" என்று கேட்டேன். தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்றும் பார்த்துக்கொண்டேன்.

நின்றாள். நார்மனும் நின்றான்.

"கேக்கறாங்கல்ல, பதில் சொல்லுடி."

வால் ஒரு தடவை ஆடியது. பிறகு அவன் பின்னாலேயே போய்விட்டாள்.

நாளைக்கு என்ன பேசலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.