ஊசியைத் தூக்காதே

மச்சான்,

இன்று மத்தியானம் உன்னுடைய இசைத்தட்டு பிளேயரின் மூடியைத் திறந்தேன். உட்புறத்தில் நீ ஒட்டிவைத்த கடதாசி இன்னும் இருக்கிறது. 'ஊசியைத் தூக்காதே' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் சிவப்புப் பேனையால் எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டிருக்கிறாய். மூடியோடு அந்த மணமும் கிளம்பியது, தேவாலய நிலவறைகளில் கிடந்து ஈரம் குடித்த இசைத்தட்டு உறை மட்டையின் மணம். மணம் மூக்கில் ஏற, கோபம் தலைக்கு ஏறியது. ஒரு வருடத்துக்கு மேலாகியும் ஆறவில்லை. இதைச் சொன்னால் விளங்கக்கூடியவன் நீ ஒருவன்தான். ஆகையால் எழுதுகிறேன்.

என் தங்கச்சியைக் கட்டிய நாளிலிருந்து உன்னை எனக்குத் தெரியும். மொன்ட்ரியாலில், சென்ட் லோரன்டில் ஒரே பண்டகசாலையில் பெட்டி அடுக்கினோம். நான் இல்லாவிட்டால் அந்தப் பண்டகசாலை ஒரு கிழமையில் இழுத்து மூடப்பட்டிருக்கும், அது வேறு கதை. சனிக்கிழமைகளில் கறுப்பினத்தவரின் தேவாலயங்களின் நிலவறையில் பழைய சாமான் விற்பார்கள். நீ அங்கே போய்க் கைகள் கறுக்க இசைத்தட்டுகளைக் கிண்டுவாய். முதலில் நீ கொண்டுவந்தவை சோல் பாட்டுகள், அவர்களுடைய காதல் பாட்டுகள். தங்கச்சி ஒரு மட்டையைப் பார்த்துவிட்டு வாசலிலேயே மறித்தாள்.

"உந்தப் பொம்பிளை என்னத்தை உடுத்திருக்கிறா? மாதா படம் இருக்கிற அறைக்குள்ள உதைக் கொண்டு வரப் போறியளோ?"

அப்போது வழி சொன்னவன் நான். "டேய், அதே சங்கீதத்தைக் கோயில் பாடகர் குழுவும் பாடுது. அங்கி கழுத்தில இருந்து கால்மட்டும் மூடியிருக்கும். அவள் என்ன சொல்லப்போறாள்?" நீ அதைப் பிறகு உன்னுடைய யோசனையாகச் சொல்லித் திரிந்தாய். என்னுடையதுதான். இதை வாசிக்கிற எல்லோரும் அறிந்துகொள்ளட்டும்.

அப்படித்தான் கொஸ்பெல் இசைத்தட்டுகள் அந்த வீட்டுக்குள் வந்தன. பக்திப் பாட்டு என்று தங்கச்சி சந்தோஷப்பட்டாள். பக்திப் பாட்டுத்தான், பொய்யில்லை. ஆனால் ட்ரம்மும் பேஸ் கிட்டாரும் ஒன்றாக இறங்கும்போது காலைக் கட்டிப்போட வேண்டியிருக்கும். ஒரு சிறிய சபை தன் பாடகர் குழுவைப் பதிவுசெய்து, கொஞ்சத் தட்டு மட்டும் அடித்து, ஆராதனை முடிய வாசலில் மேசை போட்டு விற்றிருக்கும். கடைக்கு வந்ததேயில்லை. கிழமை நாட்களில் யாருடைய வீட்டிலோ தரை துடைத்த பெண் ஒருத்தி, ஞாயிற்றுக்கிழமை ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று கூரையைக் கழற்றியிருப்பாள். சோல் பாட்டில் காதலனைக் கூப்பிடுகிற அதே குரல். இங்கே கர்த்தரைக் கூப்பிடும்.

இது சோல் சேகரிப்பவர்களுக்குத் தெரியவந்தது. இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து நாலைந்து வருடத்தில் உன் கதவைத் தட்டத் தொடங்கினார்கள். ரொறன்ரோவிலிருந்து வந்தார்கள், நியூயோர்க்கிலிருந்து வந்தார்கள். ஜப்பானிலிருந்தும் ஒருவன் வந்தான் என்று நான் சொல்வதுண்டு. அவன் பக்கத்து லவாலில் இருக்கிறவன் என்று நீ ஒவ்வொரு முறையும் எல்லோருக்கும் முன்னால் திருத்துவாய். இப்போது திருத்த நீ இல்லை. ஜப்பான் என்றே இருக்கட்டும்.

ஏன் இப்படி ஓடிவருகிறார்கள் என்று ஒருநாள் கேட்டேன். நீ தட்டைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னாய்: "சோல் பாட்டுக்காரர் முக்கால்வாசிப் பேரும் கோயில்ல பாடிப் பழகி வெளியில போன பிள்ளையள். உவங்கள் அந்தப் பிள்ளையளைத் தேடித் தேடி, இப்ப தாய் வீட்டுக்கு வந்திருக்கிறாங்கள்."

வந்தவர்களுக்கு உன் சட்டம் பிடிக்கவில்லை. ஒரு பக்கத்தைத் தொடங்கினால் முடியும்வரை இருக்க வேண்டும். பிரசங்கம் வந்தாலும், அறிவித்தல் வந்தாலும், போதகர் இருமினாலும் ஊசியில் கை வைக்கக் கூடாது. அவர்களோ ஊசியை இங்கே ஒரு தரம், அங்கே ஒரு தரம் வைத்து, ட்ரம் எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்ப்பவர்கள்.

அந்தத் தாடிக்காரனை மறந்திருக்க மாட்டாய். ரொறன்ரோக்காரன், கையெல்லாம் பச்சை குத்தியவன். அவன் வந்தது ஒக்டோபரில். நம் சனம் வீடு வீடாகக் கூடிச் செபமாலை சொல்லும் மாதம், அன்றைக்கு உங்கள் வீட்டு முறை. பெட்டிகளைத் திறக்கமுன் தங்கச்சி அவன் கையில் ஒரு செபமாலையைக் கொடுத்து முழந்தாளில் இருத்திவிட்டாள். ஐம்பத்துமூன்று மணியும் முடிய, பாவம், எழும்பினான். அப்போதுதான் அடுத்த நீண்ட செபமான மன்றாட்டுமாலை தொடங்கியது. நீ குசினிக்குள் ஓடிப்போய்த் துவாயை வாயில் வைத்துச் சிரித்ததை நான் பார்த்தேன். தங்கச்சி மட்டும், "எவ்வளவு பக்தியான பிள்ளை, இதுக்காண்டி ரொறன்ரோவில இருந்து வந்திருக்கு" என்று அவனுக்கு மூன்று ரோல்ஸ் வைத்தாள்.

அன்றைக்குச் சாம்பல் நிற மட்டை போட்ட ஒரு சிறிய சபையின் தட்டில் ஒரே ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு அவன் தலையை ஆட்டினான். பாட்டு அபாரம், கடவுளைக் கொஞ்சம் குறைத்திருந்தால் இன்னும் அபாரமாக இருந்திருக்கும் என்றான். நீ திரும்பி என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டாய்: "பின்ன அவ ஆரைக் கூப்பிட்டு உப்பிடிக் கத்துறா? உவனையோ?"

பிறகு மார்ச் மாதத்தில் வாசலில் பனி வழித்துக்கொண்டு நின்ற நீ, மண்வாரியைச் சுவரில் சாத்திவிட்டுப் படியில் இருந்தாய், பிறகு எழும்பவேயில்லை. அவ்வளவுதான்.

தங்கச்சி புவாண்ட்-கிளேரில் உங்கள் மகள் வீட்டுக்குப் போவதென்று முடிவானது. ஜூலை முதலாம் திகதி இந்த நகரமே மூட்டை கட்டி வீடு மாறும் நாள். அதற்குள் வீட்டைக் காலிபண்ண வேண்டும். மகள் வீட்டில் இசைத்தட்டுக்கு இடமில்லை. "அண்ணை, உங்களுக்குத்தானே உதெல்லாம் தெரியும், நல்ல கையில குடுங்கோ" என்றாள். உன் அத்தனை வருடமும் இப்போது என் கையில். மொன்ட்ரியால் முழுக்க என்னைவிடக் கொஸ்பெல் தெரிந்தவன் இல்லை என்று நானே சொல்லித் திரிந்தவன், முடியாது என்று எப்படிச் சொல்வது?

தாடிக்காரன் வந்தான். தங்கச்சி அவனைக் கண்டதும் கண்கலங்கித் தேத்தண்ணி போடப் போனாள். அவன் உன் பிளேயரின் மூடியைத் திறந்தான். கடதாசியை வாய்விட்டு வாசித்தான். சிரித்தான். சிரித்துக்கொண்டே, மச்சான், என் கண்ணுக்கு முன்னால் ஊசியைத் தூக்கினான்! ஒரு தட்டுக்கு அரை நிமிடம். ட்ரம் இருந்தால் வலப்பக்கம், பேச்சு இருந்தால் இடப்பக்கம். வலப்பக்கம் ஒரு கைப்பிடி, இடப்பக்கம் மலை. அந்தச் சாம்பல் மட்டைத் தட்டையும் ஒரு பாட்டோடு நிறுத்தி வலப்பக்கம் வைத்தான். மற்றதெல்லாம் வெறும் பிரசங்கம், வீடு மாறும் நாளில் குப்பையோடு தெருவோரம் வைத்துவிடுங்கள் என்று எனக்குப் புத்தி சொன்னான்.

குப்பையாம்! பெயர் போடாமல் பாடிய அத்தனை பேரும் குப்பை. அவன் ஆட ஒரு தாளம் கிடைத்தால் போதும், கும்பிட்டவள் தெருவோரம். நான் அவனைக் கழுத்தில் பிடித்துத் தூக்கி மூன்று மாடிக்குக் கீழே எறிந்தேன் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். உனக்குச் சொன்னால் என்ன, நான் "எழும்பு, எழும்பு" என்று மட்டும்தான் கத்தினேன். அவன் எழும்பவில்லை.

தங்கச்சி தேத்தண்ணியோடு வந்தாள். "ஏன் அண்ணை குளறுறியள்?"

"ஊசியைத் தூக்குறான். ஒண்டையும் முழுக்கக் கேக்கேல்லை."

அவள் கடதாசியைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். "அண்டைக்கும் மன்றாட்டுமாலைக்கு முன்னம் எழும்பினவர்தானே" என்றாள். எவ்வளவு காலம் மனதில் வைத்திருந்தாளோ! தேத்தண்ணிக் கோப்பையை அவனிடம் கொடுக்காமல் மேசையில் எனக்கு முன்னால் வைத்தாள். "முடியுமட்டும் இருக்கத் தெரியாத ஆளுக்கு அவரின்ர சாமான் வேண்டாம். போகச் சொல்லுங்கோ."

போனான். நான் தேத்தண்ணியைக் குடித்தேன். பிறகு அவள் வலப்பக்கக் குவியலிலிருந்து அந்தச் சாம்பல் மட்டைத் தட்டை எடுத்துத் தானே போட்டாள்.

இப்போது ஒன்றைச் சொல்லவேண்டும், கோபிக்காதே. நீ தேத்தண்ணி எடுக்கக் குசினிக்குப் போகும் நேரமெல்லாம் நானும் ஊசியைத் தூக்கியிருக்கிறேன். பிரசங்கத்தைத் தாண்டி வைத்துவிட்டு, நீ வரும்போது கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருப்பேன். இத்தனை வருடத்தில் ஒரு பக்கத்தையும் நான் கடைசிவரை கேட்டதில்லை. தாடிக்காரனில் எனக்கு வந்த ஆத்திரத்தில் அரைவாசி எனக்கே உரியது.

அன்றைக்குக் கேட்டேன். பாட்டு முடிந்தது. ஓர்கன் நின்றது. யாரோ கதிரையை இழுத்தார்கள். போதகர் சபையில் வருத்தமாய்க் கிடப்பவர்களின் பெயர்களையும், செத்துப்போனவர்களின் பெயர்களையும் வாசிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு பெயருக்கும் சபை ஆமென் சொன்னது. கடைசியில் கேட்டார், யாரையாவது விட்டுவிட்டோமா என்று. எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கே அந்த ஆங்கிலம் விளங்கியது. பிறகு சத்தமில்லை. கீறலின் கரகரப்பு மட்டும். நெடுநேரம். கடைசியாக மண்டபத்தின் பின்பக்கத்திலிருந்து, ஒலிவாங்கிக்கு எட்டாத தூரத்தில், ஒரு கிழவி ஏதோ ஒரு பெயரைச் சொன்னாள்.

அந்தப் பெயர் வருவதற்கு முன்னால், அந்த இடைவெளியில், தங்கச்சி உன் பெயரைச் சொன்னாள்.

நீ ஏன் சட்டம் போட்டாய் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. ஒரு வார்த்தை விளக்கமாகச் சொல்லியிருக்கலாம், மடையா. சொல்லியிருந்தால் நானும் அந்த இடத்துக்கே நேராக ஊசியை வைத்திருப்பேன் என்பதும் உனக்குத் தெரிந்திருக்கும்.

பெட்டிகள் எல்லாம் மொன்ட்ரியால்-நோரில் என் வீட்டில் இருக்கின்றன, பிரசங்கங்களோடு. வீடு மாறும் நாளில், வெளியே வளைந்து ஏறும் அந்த இரும்புப் படியில் இருநூறு பெட்டியைத் தனியாகச் சுமந்தேன் என்று ஊருக்குச் சொல்லியிருக்கிறேன். உண்மையில் பதினொன்றுதான். முழங்கால் இன்னும் நோகிறது. கட்டிலின் கீழே மூன்று, மிச்சம் சாப்பாட்டு மேசையைச் சுற்றி. வேறு இரண்டு தாடிக்காரர்கள் வந்து பார்த்தார்கள். முதலில் கடதாசியை வாசிக்கச் சொன்னேன். ஒருத்தரும் ஒரு பக்கம் முடியுமட்டும் இருக்கவில்லை.

இன்று அந்தத் தட்டை மறுபடி போட்டேன். முழுப் பக்கம். போதகர் கேட்டார், யாரையாவது விட்டுவிட்டோமா என்று. உன் பெயரைச் சொன்னேன், சத்தமாக. மெதுவாகச் சொல்லிப் பழக்கமில்லாதவன் நான். குசினியிலிருந்து என் மனுசி, "ஆரைக் கூப்பிடுறியள்?" என்று கேட்டாள். நான் பிளேயருக்குக் கிட்டக் காதைக் கொண்டுபோனேன். கிழவி பின்னாலிருந்து தன்னுடைய ஆளின் பெயரைச் சொல்லும் நேரம் அது.